கொடியில் கடைசிக் கிளிப்

ஜூலை 2, புதன்

காலையில் மழை. நகர மன்றத்தில் குப்பைத் தொட்டி விவாதம். மதியம்வரை பேசினார்கள், முடிவு இல்லை. பத்திரிகை அலுவலகம் திரும்பியதும் ஆசிரியர் கிரெய்க் கூப்பிட்டார். என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நெட்டா, சனிக்கிழமை புத்தகம் வருது. முதல் பக்கம் முழுக்க அதுதான். நீங்களே எழுதிடுங்க."

"போன அஞ்சு பாகத்துக்கும் நான்தான் எழுதினேன்."

"அஞ்சையும் படிச்சிருக்கீங்களா?"

"தீ விபத்தைப் பத்தி எழுதறதுக்கு நான் எரியணுமா?"

அவர் சிரிக்கவில்லை. 'படிக்கவில்லை' என்று தன் தாளில் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

பின்னணிப் பத்தி எழுதி முடித்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைப் புரியவைப்பது ஒவ்வொரு முறையும் கஷ்டம். சுருக்கமாக:

'உப்புக்கோட்டை' ஆறு பாகக் கதை. மழை பெய்தால் கரையும் ஒரு கோட்டை, அதைக் காக்கும் கெஸ்ரின் என்ற பெண், அவளுக்குத் துரோகம் செய்யும் சித்தப்பா மார்டெக், கூடவே நடக்கும் ஒரு நாரை. நாரை ஊமை. நாளை வருவது ஆறாவது பாகம், கடைசி.

மூன்றாம் பாகம் வந்தபோது, கசாப்புக் கடை ரதர்ஃபர்ட் கொத்துக்கறியை எடை போட்டுக்கொண்டே, யார் சாகிறார்கள் என்று வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். மூன்று மாதம் பாதி ஊர் பக்கத்து ஊரில் போய்க் கறி வாங்கியது. அதற்குப் பிறகு வந்ததுதான் வாய்ப்பூட்டு. ஃபெனெல்லாவின் புத்தகக் கடையில் புத்தகம் வாங்குகிறவர் ஒரு மரக் கிளிப்பில் தன் பெயரை எழுதி, கடையின் முன் கண்ணாடிக்குள் கட்டியிருக்கும் துணி காயப்போடும் கொடிக் கயிற்றில் மாட்ட வேண்டும். படித்து முடித்தால் எடுத்துவிடலாம். கடைசிக் கிளிப் இறங்கும்வரை எங்கள் ஊர் கிர்க்லோனில் கதையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அது இறங்கியதும் நகர மண்டப மணி அடிக்கும். அடுத்த சனிக்கிழமை பேச்சு விருந்து. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

கிளிப்பை நேரில் வந்துதான் மாட்ட வேண்டும். நாலாம் பாகத்தின்போது யாரோ கனடாவிலிருக்கும் மச்சானுக்காக ஒன்று மாட்டிவிட, நவம்பர்வரை ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

இந்தச் சட்டத்தை இப்போது காவல் காப்பவர் ரதர்ஃபர்ட்தான். வேறு யார்?

சாயங்காலம் மகள் எஃபி போன் செய்தாள். மீன்வள ஆய்வுக் கப்பலில் எஞ்சினியர். ஆகஸ்ட் நடுவில்தான் கரைக்கு வருவாளாம். இதுவரை நடந்த எல்லா விருந்துக்கும் வந்தவள். "எனக்காக யாரையும் நிறுத்தி வைக்கச் சொல்லாதீங்கம்மா. சின்னப் பசங்க எத்தனை நாள் வாயை மூடிட்டு இருக்கும்? கப்பல்ல ஒருத்தன் வாங்கிட்டு வர்றான், நான் அதுல படிச்சுக்கறேன்." என் கணவன் ஆர்ச்சி போனை வாங்கி, "சரிடா கண்ணு" என்றான்.  பிறகு வெகு நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டான்.

எஃபிக்கு எட்டு வயதில் முதல் பாகத்தைச் சமையலறை மேசையில் வைத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தவன் அவன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் அவளுக்கு அவன்தான் படித்துக் காட்டுவான், அவள் வளர்ந்த பிறகும். நான் அந்த மாலைகளில் நகர மன்றத்தில் இருப்பேன்.

ஜூலை 5, சனி

மற்ற ஊர்களில் நள்ளிரவில் விற்கிறார்கள். ஃபெனெல்லாவால் பத்து மணிக்கு மேல் கண் விழிக்க முடியாது. அதனால் இங்கே முதல் பஸ்ஸில்தான் புத்தகம் வரும். முதல் பஸ்ஸை ஓட்டுவது என் கணவன்.

பஸ்ஸுக்கு நாரை அலகு. மஞ்சள் அட்டையில், முன்கண்ணாடிக்குக் கீழே, ஒரு ஆள் நீளம். டெப்போவில் அனுமதி வாங்கினானாம். சதுக்கத்தில் குழந்தைகள், பெரியவர்கள், ஒரு நாய், எல்லார் முகத்திலும் மஞ்சள் அலகு. பெண் பாதிரியார் பர்வஸ் அம்மாவும் கட்டியிருந்தார். கழுத்துப் பட்டைக்கு மேல் அது எடுப்பாகவே இருந்தது. ரதர்ஃபர்ட் நீளமாக வளைந்த சாசேஜ் செய்து 'நாரைக் கழுத்து' என்று விற்றார். தண்ணீர் வாளிகளோடு நின்றது தீயணைப்பு நிலையத்துக் குழு; ஒன்பது மணிக்குச் சதுக்கத்தின் நடுவில் உப்பால் கட்டிய கோட்டையைக் கரைப்பது வழக்கம். மழையே அந்த வேலையை ஏழரைக்குச் செய்து முடித்தது. வாளிகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள்.

நான் அலகு கட்டவில்லை. செய்தியாளர் வேடம் போடுவதில்லை.

ஃபெனெல்லா முதல் பெட்டியைப் பிரித்து முதல் புத்தகத்தை வழக்கப்படி ஓட்டுநரிடம் கொடுத்தாள். ஆர்ச்சி கிளிப்பில் பெயர் எழுதி மாட்டினான். கொடியில் முதல் கிளிப் அவனுடையது.

"உனக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா நெட்டா? கடைசி பாகம். இதுக்கு மேல கேக்க மாட்டேன்."

"அஞ்சு தடவையும் இதையேதான் சொன்னே."

"அஞ்சு தடவையும் கேட்டேன், ஞாபகம் வச்சுக்க."

ஜூலை 6, ஞாயிறு

ஊரில் சத்தமே இல்லை. தெருவில் நடந்தால் சன்னலுக்குச் சன்னல் குனிந்த தலைகள். பர்வஸ் அம்மாவின் பிரசங்கம் இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை. அவருக்கும் வீட்டுக்குப் போக அவசரம்.

ஜூலை 9, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

கறி வாங்கப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. ரதர்ஃபர்ட் வாசலைப் பார்த்தார். பலகையைத் திருப்பி 'மூடியுள்ளது' என்று வைத்தார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன்.

"ஏம்மா நெட்டா, நீ கிளிப் மாட்டலதானே?"

"இல்ல."

"படிக்கப் போறதும் இல்ல?"

"இல்ல."

"அப்ப உங்கிட்ட சொன்னா சட்டத்தை மீறினதாகாது." மேடையில் இரண்டு கையையும் ஊன்றினார். கண் கலங்கியிருந்தது. "மார்டெக் கெட்டவன் இல்லம்மா. ஆறு பாகமா அவனைத் திட்டிட்டு இருந்தேன். அவன் கெட்டவனே இல்ல."

கால் மணி நேரம் சொன்னார். நான் தலையாட்டினேன். போகும்போது அரைக் கிலோ கல்லீரல் சும்மா கொடுத்தார்.

ஜூலை 11, வெள்ளி

ரதர்ஃபர்ட் யாரிடமோ சொல்லியிருக்கிறார்: நெட்டாவிடம் சொல்லலாம் என்று.

பல் டாக்டர் கில்கிறிஸ்ட்டிடம் கடைவாய்ப் பல்லுக்குப் போனேன். ஊசி போட்டு, பஞ்சு வைத்து, குழாயைச் செருகிய பிறகு, "இன்னும் கொஞ்சம் திறங்க… கோட்டையை அவளே கரைச்சிடறா. கெஸ்ரினே. தன் கையால. வலிக்குதா? வலிக்காது. நான் அந்த அத்தியாயத்தை ரெண்டு தடவை படிச்சேன். துப்புங்க."

என்னால் ஒரு சொல்லும் பதில் பேச முடியவில்லை. அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

தபால் அலுவலகத்தில் இருவர். நூலகத்தில் ஒருவர். நீச்சல் குளத்தில், நான் தண்ணீரில் இருக்கும்போது, பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டே ஒருத்தி. முப்பத்து நாலு வருடத் தொழிலில் இந்த ஊர் என்னிடம் இவ்வளவு தானாக எதையும் சொன்னதில்லை. நகர மன்றத் தலைவரிடம் குப்பைத் தொட்டிச் செலவைக் கேட்டால் கதவைச் சாத்துகிறார். மார்டெக்கின் மரணத்தைப் பற்றி அழுதுகொண்டே சொல்கிறார்.

சாயங்காலம் பர்வஸ் அம்மா தேநீருக்குக் கூப்பிட்டார்.

"பாவமன்னிப்பு கேக்கற வழக்கம் நம்ம சபையில இல்ல. ஆனா இன்னிக்கு அதோட அருமை புரியுது. உக்காருங்க."

முழுக் கதையும் ஒழுங்காகச் சொன்னவர் அவர்தான். கடைசிப் பக்கம் வந்தபோது நிறுத்திக்கொண்டார்.

"நாரை பேசும்."

"ஊமைன்னு சொன்னீங்க."

"ஆறு பாகமா ஊமை. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை."

"என்ன வார்த்தை?"

தேநீரைக் கலக்கினார். ரொம்ப நேரம் கலக்கினார். "அதை மட்டும் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் நடந்து வந்தாத்தான் அது வார்த்தை. சும்மா சொன்னா வெறும் சத்தம்."

வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் கொட்டியவர்கள் அதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது பற்றி ஒன்றுமில்லை. தகவலாகத் தெரிந்தால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

கொடியில் பாதிக்கு மேல் காலி. ஆர்ச்சியின் கிளிப் இருக்கிறது.

அவன் வீட்டில் படிப்பதில்லை. ஹார்டனில், கடைசி நிறுத்தத்தில், பஸ் திரும்பக் கிளம்பும்வரை கிடைக்கும் சில நிமிடங்களில்தான் படிப்பான். ஐந்து பாகத்தையும் அப்படித்தான் படித்தான். "வீட்ல படிச்சா வீட்டு வேலை ஞாபகம் வரும்" என்பான். இது ஊருக்கே தெரியும். ஆகவே ஊர் செயலில் இறங்கிவிட்டது. பஸ் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அவனுக்குப் படிக்க நேரம் கிடைக்கும் அல்லவா? நிறுத்தத்தில் எல்லாரும் சில்லறையைக் கையில் எண்ணி வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். இறங்குகிறவர்கள் முன்கூட்டியே எழுந்து கதவருகே வந்துவிடுகிறார்கள். தள்ளுவண்டிக் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுகிறார்கள். கிர்க்லோன் சரித்திரத்தில் பஸ் நேரத்துக்குப் போவது இதுதான் முதல் முறை. 'போக்குவரத்தில் முன்னேற்றம்' என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி போட்டேன். காரணம் எழுதவில்லை.

ஜூலை 26, சனி

கொடியில் ஒரே கிளிப். ஆர்ச்சி பிரைடன்.

ஜூலை 30, புதன்

வரும் சனிக்கிழமைக்கு நகர மண்டபம் பிடித்து வைத்திருந்தார்கள். ரத்து. ரதர்ஃபர்ட்டின் நாரைக் கழுத்துகள் உறைபெட்டிக்குள் போய்விட்டன. என்னை நிறுத்தி, "வீட்ல கொஞ்சம் சொல்லக் கூடாதாம்மா? சாசேஜை எத்தனை நாள் வைக்கிறது?" என்றார். தெருவில் பிள்ளைகள் ஆர்ச்சியைக் கண்டதும் பக்கம் புரட்டுவதுபோல் கையை ஆட்டுகிறார்கள். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குமேல் பூட்டு நிற்காது. இந்த வருடத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குப் பூட்டு இல்லை.

சாப்பிடும்போது ஆர்ச்சியிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன்: "எங்க இருக்கே?"

"கிட்டத்துல."

உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே மசித்த உருளைக்கிழங்கு அது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஹார்டனில் சாலைக் குழுக் கூட்டம். அவன் பஸ்ஸிலேயே போனேன்.

கவனித்ததை அப்படியே எழுதுகிறேன். வெயில். சாலையில் வண்டி இல்லை. பயணிகள் சில்லறையோடு தயார். ஆனாலும் மெதுவாகப் போனான். ஒரு நிறுத்தத்தில் யாரும் இல்லை, நிறுத்தினான். "ஓடி வர்றாங்களோன்னு பார்த்தேன்" என்றான். யாரும் ஓடி வரவில்லை. பாலத்தருகே ஆடுகளுக்காக நின்றான். ஆடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன.

ஹார்டனில் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தை எடுத்தான். பின்னட்டையை ஒட்டிப் பிரித்தான். மூடினான். மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்றான்.

முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை பக்கம் பாக்கி?"

அவன் திடுக்கிடவில்லை. "ஒண்ணு."

"ஒண்ணா?"

"கடைசிப் பக்கம். ரெண்டு வாரமா." ரொட்டித் துகளைத் தட்டினான். "நான் பொய் சொல்லல நெட்டா. முடிச்சாத்தான் எடுக்கணும். நான் முடிக்கல."

"எஃபிக்காகவா?"

"பதினாறாம் தேதி வர்றா. வர்ற அன்னிக்கு ராத்திரியாவது, மறுநாளாவது விருந்து நடந்தா… கடைசி விருந்து. இதுக்கு மேல ஏழாம் பாகம்னு ஒண்ணு இல்ல."

"ஊர்ல சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கனடாக்காரனுக்குக் காத்திருந்தப்ப அதிகமா சத்தம் போட்டது யாரு? நான்தான். நேர்ல வந்து மாட்டினாத்தான் கிளிப்புன்னு மேசையைத் தட்டினதும் நான்தான். இப்ப என் பொண்ணுக்கு மட்டும் வேறயா?"

"அவகிட்ட?"

"சொன்னா, உடனே படிச்சு எடுத்துடுங்கப்பான்னு சொல்லுவா." புத்தகத்தைத் தூக்கி, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் வைத்தான். "நீயும் பத்திரிகைக்காரி. அதான் உங்கிட்டயும் சொல்லல."

சாலைக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். தலைவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைத்தது. இப்போதுதான் உண்மையாகவே எல்லாம் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

ஆகஸ்ட் 9, சனி

ஃபெனெல்லாவின் கடையில் கூட்டம். நான் குறிப்பெடுக்கப் போனதாகச் சொல்லிக்கொண்டேன். ஆர்ச்சி பின்னால், சமையல் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ரதர்ஃபர்ட் தீர்மானம் கொண்டுவந்தார்: திங்கட்கிழமை மணியை அடித்துவிடுவது, கிளிப் இருந்தாலும். புதன்கிழமை விருந்து. "ஒரு ஆளுக்காக ஊரே வாயைக் கட்டிட்டு நிக்கணுமா? என் பேரன் தூக்கத்துல உளர்றான். தலையணையை வச்சு அமுக்க வேண்டியிருக்கு."

"தலையணை வேண்டாம்" என்றார் பர்வஸ் அம்மா.

கில்கிறிஸ்ட் என்னிடம் திரும்பினார். "நெட்டா, நீங்க உண்மையைத்தான் சொல்லுவீங்க. அவர் முடிச்சாச்சா, இல்லையா?"

எல்லாரும் பார்த்தார்கள். ஆர்ச்சி தரையைப் பார்த்தான்.

"முடிக்கல" என்றேன். உண்மை. அச்சில் போடக்கூடிய உண்மை.

"ஏன் முடிக்கல?"

"அது என் புத்தகம் இல்லையே."

கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. ஒவ்வொன்றாக, சங்கடத்தோடு, ஆனாலும் எழுந்தன. ஃபெனெல்லா எண்ண ஆரம்பித்தாள். நான் என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகமில்லை. கல்லாவுக்குப் போனேன்.

"ஒரு புத்தகம் கொடு. கிளிப்பும்."

கடையில் கை தூக்கியவர்கள் கையைக் கீழே போடாமலே திரும்பினார்கள்.

ஃபெனெல்லா பேனாவைக் கொடுத்தாள். நான் பெயரை எழுதி ஆர்ச்சியின் கிளிப்புக்குப் பக்கத்தில் மாட்டினேன். நேரில் வந்து, விலை கொடுத்து வாங்கி, மணி அடிப்பதற்கு முன். அவர்கள் போட்ட சட்டம்தான்.

"இது அநியாயம்மா" என்றார் ரதர்ஃபர்ட், மெதுவாக. "ஒரு ஆளைத் தள்ளி வைக்கலாம். ரெண்டு பேரை எப்படித் தள்ளி வைக்கிறது? அதுவும் இன்னிக்குத்தான் வாங்கினவங்களை."

ஃபெனெல்லா என்னைக் கூர்ந்து பார்த்தாள். "ஆறாம் பாகத்தை மட்டும் படிப்பியா?"

"நடுவுல புகுந்து எதையும் நான் எழுதினதில்ல. படிக்கவும் மாட்டேன். மத்த அஞ்சையும் எடு."

கில்கிறிஸ்ட் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் பாகம், பக்கம் நாற்பது. ஆர்ச்சி தேநீர் கொண்டுவந்து வைத்தான். நன்றி என்று சொல்லவில்லை. பிஸ்கட் நாலு வைத்திருந்தான், வழக்கமாக இரண்டு.

நாரை வந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஒற்றைக் காலில் நிற்கிறது. கெட்டிக்கார நாரை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கொடியில் என் பெயர் ஏறிய நிமிடத்திலிருந்து யாரும் என்னிடம் பேசுவதில்லை. தபால் அலுவலகத்துக்குள் போனால் பேச்சு நிற்கிறது. ரதர்ஃபர்ட் "மழை வரும்போல" என்கிறார், வேறொன்றுமில்லை. கல்லீரலுக்குக் காசு வாங்குகிறார். கில்கிறிஸ்ட் என் பல்லை அடைத்து முடிக்கும்வரை தேவாலயப் பாட்டு முனகினார்.

ஊர் முழுக்க என்னிடம் கொட்டியிருந்தது. இப்போது அவர்களுக்குக் கொட்ட இடமில்லை. முகங்கள் வீங்கியிருப்பதுபோல் தெரிகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தப்புக் கணக்கு போட்டுவிட்டேன்.

எஃபி வரும்வரை ஒரு வாரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவள் நாளை மறுநாள் வருகிறாள். ஆர்ச்சி கிளிப்பை எடுத்துவிடுவான். என் கிளிப்? நான் இரண்டாம் பாகத்தில் இருக்கிறேன். படிக்காமல் எடுக்க முடியுமா? முடியாது. அதைச் செய்தால் 'முடிக்கல' என்று நான் சொன்னதற்கும் மதிப்பில்லை. பத்தொன்பதாம் தேதி பள்ளி திறக்கிறது.

எந்தக் கதவு மூடாமலிருக்க நான் காலை வைத்தேனோ, அதே கதவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எஃபி வந்து இறங்குவாள், விருந்து இருக்காது, காரணம் நான். ஆர்ச்சியிடம் சொன்னேன். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். பிறகு, "ரெண்டாம் பாகம் எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு, பாழாப் போனது."

ஃபெனெல்லாவிடம் போனேன். ஹார்டனையும் பதினாறாம் தேதியையும் சொன்னேன். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"நீ ஆறு பாகமும் கேட்டப்பவே தெரியும். வாழ்க்கையில நீ நாவலுக்குக் காசு கொடுத்ததே இல்ல." என் கிளிப்பைப் பார்த்தாள். "ரதர்ஃபர்ட் கிட்ட நான் பேசறேன்."

"அவர் ஒத்துக்க மாட்டார்."

"அவர் கிட்ட முந்நூறு சாசேஜ் இருக்கு."

ஆகஸ்ட் 16, சனி

எஃபி மதிய பஸ்ஸில் வந்தாள். ஓட்டினது அவள் அப்பாதான். பஸ் நேரத்துக்கு முன்பே வந்தது.

கப்பல்காரன் கொண்டுவந்த புத்தகத்தை அவளும் ஒரு பக்கம் விட்டுத்தான் வைத்திருக்கிறாள். "அப்பா படிக்காம எப்படி முடிக்கிறது?" என்றாள். இருவருமே கடைசிப் பக்கத்தின் வாசலில் நின்றிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். நான் கொடியில் பெயர் உள்ளவள், தோட்டத்துக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. சன்னலுக்குள் ஆர்ச்சியின் உதடு அசைந்தது. வாயசைவைப் படித்துவிடுவேனோ என்று பயந்து பட்டாணிக் கொடிப் பக்கம் திரும்பி நின்றேன். மறுபடி பார்த்தபோது புத்தகம் மூடியிருந்தது. எஃபி அவன் தோளில் நெற்றியை வைத்திருந்தாள். அவன் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, உள்ளே வரலாம் என்று கையைக் காட்டினான்.

கடையில் அவன் தன் கிளிப்பை எடுத்தான். கொடியில் என்னுடையது மட்டும். வாசலில் ஊர் நின்றது. ரதர்ஃபர்ட் தொண்டையைச் செருமினார்.

"ஃபெனெல்லா எல்லாம் சொன்னா. ஆர்ச்சி, நீ ஒரு கழுதை. கேட்டிருந்தா நாங்க முடியாதுன்னு சொல்லியிருப்போம். கொஞ்சம் கத்தியிருப்போம். அப்புறம் காத்திருந்திருப்போம்." எஃபியிடம், "வாம்மா. இளைச்சுட்டே" என்றார். பிறகு என்னிடம்: "வாய்ப்பூட்டு எதுக்கு? படிக்காதவங்க காதுல விழக் கூடாதுன்னுதானே. உன் காதைப் பூட்டிட்டா நாங்க பேசலாம். மணி மட்டும் அடிக்க மாட்டோம். மணி உன் கிளிப்புக்கு."

மண்டபத்தில் காலையில் மலர்க் காட்சி. பரிசு வாங்கிய வெங்காயத்தாள்களும் டேலியாப் பூக்களும் மேசையில் அப்படியே இருக்க, நடுவில் சாசேஜ் தட்டுகள். என்னை மண்டபத்துச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ரேடியோ, ஒரு தட்டு சாசேஜ், இரண்டாம் பாகம். பர்வஸ் அம்மா கதவிடுக்கில் துண்டைச் செருகினார்.

பிறகு பேச ஆரம்பித்தார்கள்.

ஆறு வாரம் அடைத்து வைத்தது. சுவர் அதிர்ந்தது. கொக்கியில் தொங்கிய கரண்டிகள் ஆடின. ஒரு சொல்லும் புரியவில்லை. அத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசினால் புரியாது. எஃபியின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. ஒருமுறை எல்லாரும் சட்டென்று நிறுத்தினார்கள். யாரோ அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தது. ரேடியோவைக் கூட்டினேன். வானிலை அறிக்கை. வடகடலில் காற்று மிதமாக வீசும்.

முதல் பக்கச் செய்தி. நான் எழுதவேண்டியது. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பக்கம் நூற்று அறுபதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விருந்துச் செய்தியை கிரெய்க் தானே எழுதியிருக்கிறார். ஃபெனெல்லாவின் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார், குறைவாக. திருத்தவேண்டாம் என்று அவளே போன் செய்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாலாம் பாகம். எஃபி திரும்பக் கப்பலுக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை போன் செய்து ஒரே கேள்வி: "எங்க இருக்கீங்கம்மா?" சொல்வேன். "ஓ, அங்கயா" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த 'ஓ'வுக்காகவே அடுத்த வாரம் வேகமாகப் படிக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மார்டெக் கெட்டவன் இல்லை. ரதர்ஃபர்ட் சொல்லித் தெரியும். தெரிந்தும் அழுதேன். ஆர்ச்சி கைக்குட்டை கொடுத்தான். இது எந்த அத்தியாயம் என்று கேட்கவில்லை, மீதிப் பக்கங்களின் தடிமனைப் பார்த்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

கடைசி அத்தியாயத்தை ஹார்டனுக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். கடைசிப் பக்கத்தை ஹார்டனில், பஸ் நின்றிருக்கும்போது. ஆர்ச்சி திரும்பிப் பார்க்காமல் ஓட்டுநர் இருக்கையில் ரொட்டி தின்றான்.

ஒரு வார்த்தைதான். பர்வஸ் அம்மா சொன்னது சரி. அதுவரைக்கும் நடக்க வேண்டியிருந்தது.

சதுக்கத்தில் இறங்கிக் கடைக்குப் போனேன். நீளமான கொடியில் ஒற்றைக் கிளிப். கையில் எடுத்தேன். ஃபெனெல்லா மேலங்கியை மாட்டிக்கொண்டு நகர மண்டபத்துக்குப் போனாள்.

மத்தியான நேரத்தில், சாதாரண செவ்வாய்க்கிழமையில், மணி அடித்தது. ரதர்ஃபர்ட் கத்தியோடு வாசலுக்கு வந்தார். கில்கிறிஸ்ட் மாடிச் சன்னலைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். ஆர்ச்சி பஸ்ஸைக் கிளப்பவில்லை. பயணிகளும் கிளப்பச் சொல்லவில்லை.

"என்னம்மா?" என்றார் ரதர்ஃபர்ட். "எப்படி?"

ஊரே என் வாயைப் பார்த்தது. இவர்கள் எல்லாரும் என்னிடம் சொல்லியாகிவிட்டது. இனி என் முறை.

"இருங்க. முதல்ல ஒரு போன்."

எஃபி எடுக்க நேரமானது. எஞ்சின் சத்தம். "எங்க இருக்கீங்கம்மா?" என்று கத்தினாள்.

நான் நாரை சொன்ன வார்த்தையைச் சொன்னேன்.

 அவள், "இருங்க, கதவைச் சாத்திட்டு வர்றேன்" என்றாள். சாத்திவிட்டு வந்தாள். ஒன்றரை மணி நேரம் பேசினோம்.